பைக்கு எழுநூறு கிராம்

அறுபது கிலோவுக்குக் கீழே உலகத்தில் குத்துச்சண்டை என்ற ஒன்றே கிடையாது. அந்த எடைக்குக் கீழே நடப்பதெல்லாம் கொசு விரட்டுவது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரட்டுகிறார்கள், நடுவில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார், அவ்வளவுதான்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவர், எங்கள் கல்லூரி விடுதியின் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் முதலாளி. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தெருவில் அவருக்கு மலை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்வதாகத் தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது. இளமையில் நகர ஹெவிவெயிட் பட்டத்தை மூன்று முறை வென்றவர். அதில் இரண்டு முறை எதிராளியே வரவில்லை. மூன்றாவது முறை வந்தவர் இவரைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விடுதியின் படுக்கை விரிப்புப் பொறுப்பாளன். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவன். வெள்ளிக்கிழமைதோறும் நாலு பை அழுக்கு விரிப்பைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய், போன வாரத்து நாலு பை வெளுத்த விரிப்பை வாங்கிவர வேண்டும். அரை மணி நேர வேலை. நான் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வேன். காரணம், அங்கே நடக்கும் வாதம்.

வாதத்தின் மறுதரப்பு முதலாளியின் மைத்துனர். தேய்ப்பு மேஜைக்காரர். ஐம்பத்தோரு கிலோ. பெயர் ஊசி. ஒரு காலத்தில் ஃப்ளைவெயிட்டில் நாற்பத்தொரு சண்டை போட்டு, பத்தொன்பதில் ஜெயித்து, மூக்கு இடதுபக்கமாகக் குடிபெயர்ந்தவர். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அத்தானோடு இந்த ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார். இருபத்தி நாலு வருஷம். நடுவில் இரண்டு முறை மட்டும் பேச்சு நின்றது. ஒன்று முதலாளிக்குப் பல் பிடுங்கியபோது. இன்னொன்று மகள் பிறந்தபோது.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாவது நாளாக மழை. வெளியே கொடிக்கம்பிகள் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே எங்கே பார்த்தாலும் ஈர விரிப்புகள். நாற்காலி முதுகில், படிக்கட்டுக் கைப்பிடியில், சுவரில் இருந்த பழைய குத்துச்சண்டைக் கையுறை ஜோடியின் மேல்கூட ஒரு தலையணை உறை. நாலு துவைப்பு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் சுற்றினால் தரை லேசாக நடுங்கும், தேநீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை வரும். சோப்பும் ஆவியும் சூடான பருத்தியும் கலந்த வாசனை. மழை நாளில் அதைவிடச் சுகமான இடம் ஊரில் கிடையாது.

"ஒரே ஒரு குத்து, மச்சான்," என்றார் முதலாளி. இரண்டு கைகளாலும் நனைந்த போர்வை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். போர்வை முனகியது. "ஹெவிவெயிட்காரன் ஒரு குத்து விட்டா ஆட்டம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். உங்க ஆளுங்க பன்னெண்டு ரவுண்டு குத்துறாங்க. குத்துறாங்க, குத்துறாங்க, குத்திக்கிட்டே இருக்கானுங்க. கடைசியில மூணு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னாத்தான் யாரு ஜெயிச்சான்னு அவனுங்களுக்கே தெரியுது."

ஊசி தேய்ப்புப் பெட்டியை நிறுத்தவில்லை. "அத்தான், ஒரு போர்வை தேய்க்க எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

"நூறு கைக்குட்டை தேய்ச்சுப் பாருங்க. தோள் கழண்டு கையில வந்துடும். அதான் ஃப்ளைவெயிட். உங்க ஹெவிவெயிட்காரன் நாலு ரவுண்டுல மூச்சு வாங்கி, எதிராளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். சண்டையா, சொந்தக்காரங்க சந்திப்பான்னு தெரியாது."

"கட்டிப் பிடிக்கிறது ஒரு உத்தி!"

"ஒரு சாம்பியன் இருந்தாரு. நாப்பத்தொம்போது கிலோ. பேரு என் வாயில நுழையாது. மூணாவது ரவுண்டுல இடது கண்ணு மூடிருச்சு, அஞ்சாவதுல வலது கை விரல் போச்சு. பன்னெண்டு ரவுண்டும் நின்னாரு. ஒத்தைக் கண்ணு, ஒத்தைக் கை. ஜெயிச்சாரு."

"பேரே நுழையாத ஆளு எப்படிடா பெரிய ஆளா இருக்க முடியும்?"

இந்த வாதத்துக்கு எங்கள் கல்லூரியில் தர்க்கம் கற்றுக்கொடுப்பவரிடமும் பதில் இருந்திருக்காது.

"எடைக்கு எடை பாருங்க, அத்தான். அவரு எடைக்கு அவரு வாங்கின அடியை உங்க எடைக்குப் பெருக்கிப் பாருங்க. லாரி மோதின மாதிரி."

"எதைப் பெருக்கினாலும் சரி, நான் ஒண்ணு கேக்கறேன்," என்று முதலாளி போர்வையைத் தொட்டியில் போட்டார். அவருடைய கடைசி ஆயுதம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். "சண்டைக்கு முந்தின நாள் உன் சாம்பியன் என்ன பண்ணுவான்? மூலையில உட்கார்ந்து ஒரு கப்புல எச்சில் துப்புவான். அம்பது கிராம் குறையணும், நூறு கிராம் குறையணும்னு. துப்பித் துப்பி சாம்பியன் ஆனவனை நான் வீரன்னு சொல்லணுமா? துணியைக் காயப்போட்டாக்கூடத்தான் எடை குறையுது. கொடியில தொங்குற விரிப்பெல்லாம் சாம்பியனா?"

ஊசி வழக்கமாக இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார். துப்பியிருக்கிறார், மறுக்க முடியாது.

"அப்பா, நானும் துப்புவேன். தேவைப்பட்டா." சொன்னது மகள்.

அவள் மேல்படியில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. நாள் ஒன்றுக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிற கைகள், காலையிலும் மாலையிலும் மாமாவிடம் பயிற்சி. ஐம்பது கிலோப் பிரிவு. மறுநாள் சனிக்கிழமை நகர உள்ளரங்கில் தேர்வுப் போட்டி. ஜெயிப்பவளுக்கு ஆறு மாதப் பயிற்சி முகாமில் இடம், தங்குமிடம், சாப்பாடு, நிஜமான பயிற்சியாளர்கள். முகாமுக்கு வயது வரம்பு இருபத்து மூன்று. அடுத்த வருஷம் என்ற பேச்சே இல்லை. காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டினால் கையுறை போடாமலே வீட்டுக்கு வந்துவிடலாம்.

"உனக்கு எதுக்குத் துப்பல்?" என்றார் முதலாளி. "நல்லா சாப்பிட்டு எழுபது கிலோவுக்கு வா. அப்பா முதல் வரிசையில உட்கார்ந்து விசில் அடிக்கிறேன்." மகளின் ஒன்பது சண்டைகளில் ஒன்றுக்கும் அவர் போனதில்லை. கொசு விரட்டுவதைப் பார்க்க டிக்கெட் எதற்கு என்பது அவர் கட்சி.

"இன்னைக்குக் காலையில நாப்பத்தொம்போது எண்ணூறு. துப்ப வேண்டியதில்லை," என்றாள் மகள். ஒரு வேகவைத்த முட்டையை எட்டாக நறுக்கி, துண்டுக்கு ஒரு நிமிஷம் வீதம் மென்று தின்றுகொண்டிருந்தாள்.

எடை பார்ப்பது அழுக்குத் துணி நிறுக்கும் பெரிய தராசில். மூன்று வாரமாக அப்படித்தான். அதற்கு முன் ஊசி வீட்டில் ஒரு சின்னக் கண்ணாடித் தராசு இருந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலாளி ஏறி நின்றார். அதோடு அதன் பணி நிறைவுற்றது.

"காலேஜு, நீ எத்தனை கிலோ?" என்று என் பக்கம் திரும்பினார் முதலாளி. வாதத்துக்குச் சாட்சி தேவைப்பட்டால் அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

"அறுபத்து மூணு எழுநூறு. இப்பத்தான் மத்தியானம் காலேஜ் ஜிம்முல பார்த்தேன்."

"பார்த்தியா, மச்சான்! படிக்கிற பையன், புத்தகத்தைத் தவிர வேற எதையும் தூக்கினதில்ல, அவனே மனுஷக் கணக்குல வர்றான். ஏறு தம்பி, ஊருக்குக் காட்டுவோம்."

ஏறினேன். முள் ஆடி, யோசித்து, அறுபத்து மூன்றில் நின்றது. சரியாக அறுபத்து மூன்று.

"ரெண்டு மணி நேரத்துல எழுநூறு கிராம் இறங்கிட்டேன்," என்றேன் பெருமையாக. "மழையில நடந்ததுதான் காரணம்."

"காலேஜ் தராசு பொய் சொல்லுது," என்றார் முதலாளி. "என் தராசு பதினோரு வருஷமா ஒரு கிராம் தப்பினதில்ல."

தேய்ப்புப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது. நான் அங்கே போய்வந்த ஒன்றரை வருஷத்தில், பகலில் அது நின்று பார்த்ததில்லை. ஊசி அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்துவந்து, என்னைக் கையால் நகர்த்திவிட்டு, தராசில் வைத்தார்.

முந்நூறு கிராம்.

"சோப்புக் கம்பெனிக்காரன் அயோக்கியன்!" என்றார் முதலாளி.

ஊசி இன்னொரு பாக்கெட்டை மேலே வைத்தார். ஆயிரத்து முந்நூறு.

யாரும் சோப்புக் கம்பெனியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ரசீது மேஜையிலிருந்து முதலாளியின் மனைவி எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "என்னங்க, நீங்கதானே முள்ளைப் பின்னால தள்ளி வச்சீங்க? பைக்குன்னு?"

விஷயம் இதுதான். அழுக்குத் துணி தடித்த கேன்வாஸ் பையில் வரும். மற்ற சலவைக்கூடங்களில் பையோடு சேர்த்து நிறுத்துவிடுவார்கள். முதலாளி அப்படிச் செய்யமாட்டார். பையை நான் வெளுக்கவில்லையே, அதற்கு எதற்கு நான் கூலி வாங்கணும் என்பார். பையின் எடை எழுநூறு கிராம். ஒவ்வொரு முறையும் கழிப்பது தொல்லை என்று, கூடம் திறந்த அன்றே ஒரு திருப்புளியால் முள்ளைப் பூஜ்யத்துக்கு இடதுபக்கமாக எழுநூறு கிராம் தள்ளி வைத்துவிட்டார். காலித் தராசில் முள் கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கும். பதினோரு வருஷமாக எல்லோரும் அதைத் தினமும் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற எதையும் யாரும் பார்ப்பதில்லை.

மகள் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டாவது முட்டைத் துண்டு கையிலேயே இருந்தது.

"அப்போ நான் அம்பது ஐந்நூறு," என்றாள்.

முதலாளி இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டார். ஏற்கனவே காய்ந்திருந்த கைகள். இன்னொரு முறை துடைத்தார்.

"நான் போய் அந்த அதிகாரிங்ககிட்டப் பேசறேன். தராசு என் தப்பு, பொண்ணு தப்பில்லன்னு எழுதிக் குடுக்கறேன். கையெழுத்துப் போட்டு."

"அத்தான், அவங்க பொண்ணைத்தான் நிறுப்பாங்க. கடுதாசியை இல்ல."

"அரைக் கிலோதானே மாமா?" என்று மகள் எழுந்தாள். முட்டைத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"அரைக் கிலோதான்," என்றார் ஊசி. அவர் முகத்தில் எனக்குப் புரியாத ஒரு நிம்மதி இருந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு தெரிந்த தொழில் கையில் கிடைத்த ஆளின் நிம்மதி. "நான் ஒரு தடவை ஒன்றரைக் கிலோ இறக்கியிருக்கேன். ஸ்வெட்டர் எங்க? மழையில ஓட முடியாது. சூட்டறைக்குப் போ. விரிப்பெல்லாம் அங்க மாத்து. பதினஞ்சு நிமிஷம் உள்ள, அஞ்சு நிமிஷம் வெளிய. தலை சுத்தினா உடனே சொல்லணும், ரோஷம் பார்க்கக் கூடாது. தண்ணி மடக்கு மடக்கா, நான் குடுக்கும்போது."

சூட்டறை என்பது கொதிகலனை ஒட்டிய சின்ன அறை. மழைக் காலத்தில் துணி உலர்த்துவது அங்கேதான். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். ஈர விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பியில் விரித்தாள், காய்ந்தவற்றை இழுத்து வெளியே போட்டாள். நானும் அவள் அம்மாவும் வாசலில் நின்று மடித்தோம். விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து சேரும் அந்த வேலையை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஊசி கையில் கடிகாரம். நேரம் ஆக ஆக, ஐந்து நாள் தேங்கிய துணி எல்லாம் காய்ந்து அடுக்கானது. மகளின் எடையோடு சேர்ந்து விடுதியின் எடையும் குறைந்தது.

முதலாளி திருப்புளியும் கையுமாகத் தராசின் முன் குந்தியிருந்தார். முள்ளை நேராக்கினார். சோப்பு பாக்கெட்டை வைத்துப் பார்த்தார். ஒரு கிலோ. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இனிமே பையைத் தனியா நிறுத்துக் கழிக்கணும்," என்றார் மனைவியிடம்.

"கழிக்கலாம். விடுங்க."

"நேர்மையா இருந்தது தப்பாப் போச்சு பாரு."

"நேர்மையில தப்பில்ல. சொல்லாம வச்சதுதான் தப்பு. அது போகட்டும், அந்தச் சின்னத் தராசு மேல எதுக்கு ஏறினீங்க?"

முதலாளி சோப்பு பாக்கெட்டை இன்னொரு முறை தராசில் வைத்துப் பார்த்தார்.

ஆறு மணிக்கு வறுத்த மீன் வாசனை மாடியிலிருந்து இறங்கி வந்தது. முதலாளி சூட்டறைக் கதவைப் பார்த்தார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு மழையில் ஓடிப்போய், துணி கொண்டுபோகும் வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டார். வாசனை மகளுக்குப் போகக் கூடாது. அவர் சாப்பாட்டைத் தியாகம் செய்தார் என்று நான் எழுதினால் அது பொய். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். இடத்தை மட்டும் மாற்றினார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ மழையில் ஓடுவதை அன்றுதான் தெரு பார்த்தது.

ஏழு மணிக்கு மகள் தராசில் ஏறினாள். ஐம்பது இருநூறு.

"தூங்கு," என்றார் ஊசி. "தூக்கத்துல இருநூறு தானா போயிடும்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கழுவிவிட்ட மாதிரி வெளிச்சம். வேனை முதலாளியே ஓட்டினார். தான் வருவது வேன் ஓட்ட ஆள் இல்லாததால் மட்டுமே என்று மூன்று முறை சொன்னார். பின்னால் துணிப் பைகளின் மேல் நானும் ஊசியும். தராசு விவகாரத்தைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அப்படி யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

உள்ளரங்கத்தின் பக்கவாட்டு நடையில் எடை மேஜை. எண்கள் ஒளிரும் மின்தராசு. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட அம்மா ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். மகள் ஏறினாள்.

ஐம்பது புள்ளி ஒன்று.

"நூறு கிராம் கூட இருக்கு," என்றார் அட்டைக்காரம்மா. கோபமில்லை, பரிதாபமும் இல்லை. "எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இன்னொரு தடவை ஏறலாம். அதுக்கப்புறம் மேஜையை மூடிடுவோம்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐந்து.

"நடையில ஓடட்டுமா மாமா?"

"வேணாம். காலு மத்தியானம் வேணும்." ஊசி தன் பையிலிருந்து சூயிங்கமும் காகிதக் கோப்பைகளும் எடுத்தார். இருபது வருஷமாக அந்தப் பையில் இருக்கிறதோ என்னவோ. "ஜாக்கெட்டைப் போட்டுக்க. மெல்லு. முழுங்காத. துப்பு. நூறு கிராம் ஒண்ணுமே இல்ல."

மகள் கோப்பையைக் கையில் வாங்கினாள். எதிர்ப்பக்க பெஞ்சில் பெரிய சங்கம் ஒன்றின் அணி வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல ஜாக்கெட், முதுகில் பெயர். மத்தியானம் இவளோடு மோதவேண்டியவளும் அங்கேதான், எடை முடிந்து, வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏழு ஜோடிக் கண்கள் இந்தக் கோப்பையைப் பார்த்தன. ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரிப்பை அடக்கினார்கள்.

மகள் மென்றாள். கோப்பையை வாயருகே கொண்டுபோனாள். இறக்கிவிட்டாள்.

"வரல, மாமா. வாய் காஞ்சு போச்சு."

"வரும். எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்க."

"பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். என்னையும் பார்த்தாங்க."

மறுபடி முயன்றாள். காய்ந்த சத்தம்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. கண்ணீருக்கும் எடை உண்டு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கிக்கொண்ட ஒரே நகைச்சுவை அது. கடிகாரம் ஏழு இருபது.

அதுவரை தூணோரம் நின்றுகொண்டிருந்த முதலாளி நடந்து வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்ச் ஒரு முறை கத்தியது. ஊசியிடம் கையை நீட்டினார்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணு குடு."

ஊசி சூயிங்கத்தை நீட்டினார்.

"கப்பும் குடு."

ஒரு கணம் ஊசியின் வளைந்த மூக்கு நேராகிவிட்ட மாதிரி இருந்தது. கொடுத்தார். இருபத்தி நாலு வருஷ வாதத்தில் சொல்லக் காத்திருந்த அத்தனை வசனமும் அவர் நாக்கு நுனிக்கு வந்து, திரும்பி உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்தேன். பெரிய மனுஷன்.

முதலாளி மென்றார். எதிர் பெஞ்சை நேராகப் பார்த்துக்கொண்டே மென்றார். பிறகு கோப்பையை உயர்த்தி, முறையாக, நிதானமாகத் துப்பினார். நடையின் கடைசிவரை கேட்டது.

நீல ஜாக்கெட்டுகளின் பயிற்சியாளர் அதிர்ந்துபோய் எழுந்து வந்தார். "சார்... நீங்க எந்த வெயிட்டு?"

முதலாளிக்கு வாய் நிறைய வேலை இருந்தது. ஊசிதான் பதில் சொன்னார். "ஹெவிவெயிட். முன்ஜாக்கிரதை."

முதலில் மகளின் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். வாழைப்பழக்காரியும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்தபோது மகளுக்கு வாய் ஊறியிருந்தது. துப்பினாள். அப்பா துப்பினார். அவள் துப்பினாள். துணி மடிப்பதுபோல் இருவரும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவில் ஒரு முறை முதலாளி தன் கோப்பையையும் மகளின் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். அவள் கோப்பையில்தான் அதிகம். தலையை ஆட்டிக்கொண்டு, இன்னொரு சூயிங்கம் பிரித்தார்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு அட்டைக்காரம்மா கூப்பிட்டார். மகள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். எண்கள் ஓடின. ஐம்பது புள்ளி ஒன்றில் தயங்கின. ஐம்பது புள்ளி பூஜ்யத்தில் நின்றன. நின்றே விட்டன.

"சரி," என்று எழுதிக்கொண்டு மேஜையை மூட ஆரம்பித்தார் அவர்.

ஊசி இரண்டு கைகளாலும் மருமகளின் தலையைப் பிடித்து ஆட்டினார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் கை தட்டினேன், நடையில் தனியாகக் கேட்டது. மத்தியானம் அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்பதை அடுத்த நாள் பத்திரிகை மூன்று வரியில் எழுதியது. அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. முகாமிலிருந்து அவள் கொண்டுவரும் துணி எவ்வளவு அழுக்கு என்று அவள் அம்மா இப்போதும் புலம்புவார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மகள் ஒரே மூச்சில் பாதி பாட்டிலைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

நடை காலியாகியிருந்தது. நீல ஜாக்கெட்டுகள் போய்விட்டார்கள். முடிந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பெஞ்சில் தனியாக, முழங்கையை முழங்காலில் ஊன்றி, கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நினைப்பவர்போல் கண்ணை மூடி, முதலாளி துப்பிக்கொண்டிருந்தார்.